வண்டியில் வந்தவர்கள்

"அல்பேனியா போகிறேன்" என்று சொன்னதும் நண்பர் கொஞ்சம் யோசித்தார்.

"டிராகுலா ஊர்தானே?"

"அது ருமேனியா சார்."

"ஓ... அப்ப இது ஆர்மீனியா!"

அவரைக் குறை சொல்லவில்லை. நானே அட்லஸில் தேடித்தான் பிடித்தேன். இத்தாலியின் பூட்ஸ் குதிகாலுக்கு நேர் எதிர்க்கரை, கிரீஸுக்குத் தலைமாடு. 2023 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகையே சுமார் 24 லட்சம். வீட்டில் கேட்ட கேள்விதான் நேரடியாக இருந்தது: "அங்க யாரு இருக்கா நமக்கு?"

யாருமில்லைதான். ஆனால் யோசித்தால், ஒருத்தர் உண்டு. மதர் தெரசா. 1910-ல் ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் அக்காவும் பிற்பாடு டிரானாவில் குடியேறி, அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் இவர்களை வெளியே விடவில்லை, அவரை உள்ளே விடவில்லை. 1972-ல் அம்மா போனார், 1973-ல் அக்கா. மகள் வந்து சேர்ந்தது 1989-ல், இரண்டு கல்லறைகளைப் பார்க்க. இன்று டிரானா விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். உயிரோடிருந்த அம்மாவைப் பார்க்க விடாத நாடு, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி உலகத்தையே வரவேற்கிறது. அல்பேனியாவின் நாற்பது வருட சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த நாற்பது வருடத்துக்கு ஒரே சொந்தக்காரர் என்வர் ஹோஜா. 1944 முதல் 1985-ல் சாகும்வரை அவர் ஆட்சி. முதலில் யுகோஸ்லாவியாவோடு சண்டை. 1961-ல் ரஷ்யாவோடு டூ. 1978-ல் சீனாவோடும் டூ. 1967-ல் மதங்களையே தடைசெய்து மசூதி, சர்ச் எல்லாவற்றையும் மூடினார். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளக் கூடாது. யாரோ படையெடுத்து வரப்போகிறார்கள் என்று பயந்து நாடு முழுக்கக் காளான் காளானாகக் கான்கிரீட் பதுங்குகுழிகள். 1,73,000 என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். கடைசிவரை யாரும் வரவில்லை.

இப்போது வருகிறார்கள். 2023-ல் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல்! பதுங்குகுழிகளில் சில காபிக் கடைகளாகிவிட்டன. டிரானா ஓரத்தில் ஹோஜாவுக்காகப் பூமிக்கடியில் கட்டிய 106 அறை நிலவறை 2014 முதல் மியூசியம். ஆக, ஐரோப்பாக்காரர்கள் அல்பேனியாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் டூர் கம்பெனிகளின் 'பன்னிரண்டு நாளில் ஐரோப்பா'வில்தான் அதற்கு இன்னும் இடமில்லை.

என்னை அங்கே கூட்டிப்போனது டூர் கம்பெனி இல்லை, ஒரு நாவல். இஸ்மாயில் காதரேயின் 'ப்ரோக்கன் ஏப்ரல்'. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பயணக் கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பயணம் போகிறவர்களைப் பற்றி நான் படித்ததிலேயே ஈரமில்லாத புத்தகம் இதுதான்.

*

கதை நடப்பது 1930-களில், வட அல்பேனிய மலைகளில். அங்கே அரசன் சட்டம் செல்லாது. மலைக்காரர்களுக்கென்று பரம்பரையாக வந்த ஒரு சட்டம் உண்டு. பெயர் 'கானூன்'. ஹிந்திப் படக் கோர்ட் சீன்களில் காதைப் பிளக்குமே, அதே வார்த்தைதான். அரபு வழியாக இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்தது. பல நூற்றாண்டுகளாக வாய்மொழியாக இருந்ததை ஷ்டியேஃபன் ஜெச்சோவி என்ற பாதிரியார் ஊர் ஊராக அலைந்து தொகுத்தார். 1933-ல், அவர் இறந்த பிறகு, புத்தகமாக வந்தது. கல்யாணம், வரப்புத் தகராறு, விருந்தாளியை எப்படி உபசரிப்பது, கொலைக்குக் கொலை எப்படி வாங்குவது எல்லாம் அதில் உண்டு. விருந்தோம்பலும் பழிவாங்கலும் ஒரே சட்டத்தில்!

ஜியோர்க் என்ற இளைஞன் அண்ணனைக் கொன்றவனைச் சுட்டுக் கொல்கிறான். அவனுக்கு அதில் பெரிய வெறி ஒன்றும் கிடையாது. முறை வந்துவிட்டது, சுட்டாக வேண்டும். கொன்றபின் செத்தவன் வீட்டுச் சாவுச் சாப்பாட்டிலேயே போய் உட்கார வேண்டும். அதுவும் சட்டம். அப்புறம் முப்பது நாள் தவணை. அதற்கு 'பெசா' என்று பேர், கொடுத்த வாக்கு. அதுவரை அவனைத் தொட மாட்டார்கள். ஏப்ரல் பதினேழோடு தவணை முடிகிறது. அதற்கப்புறம் அவன் முறை. ஏப்ரல் மாதத்தில் பாதிதான் அவனுக்கு உண்டு. தலைப்பின் அர்த்தம் அதுதான்.

இரண்டு வீட்டுக்கும் பகை எப்படி வந்தது? எழுபது வருடம் முன்னால் ஒரு ராத்திரி, முன்பின் தெரியாத ஒருத்தன் ஜியோர்க் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுத்து, காலையில் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடுகிறார்கள். எல்லையில் அவனை யாரோ சுட்டுவிடுகிறார்கள். விழுந்தபோது முகம் ஊரைப் பார்த்து இருந்தது. வெளிப்பக்கம் பார்த்து விழுந்திருந்தால் இவர்களுக்குச் சம்பந்தமில்லை. ஊரைப் பார்த்து விழுந்ததால் அவன் இன்னும் இவர்கள் விருந்தாளி. ரத்தத்துக்கு இவர்கள்தான் பொறுப்பு! முகம் திரும்பிய திசைக்காக நாற்பத்து நாலு சமாதிகள்.

கொன்றவன் அதற்கு வரியும் கட்ட வேண்டும். ஜியோர்க் பணத்தை எடுத்துக்கொண்டு ஒரோஷ் என்ற இடத்துக்கு நடக்கிறான். அங்கே ஒரு 'குல்லா'. தலையில் வைக்கிறது இல்லை, கல்லால் கட்டிய கோபுர வீடு. அதில் ரத்தக் கணக்குப்பிள்ளை ஒருத்தர் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கவலை என்ன தெரியுமா? கொலைகள் குறைந்துவிட்டன, வரவு படுத்துவிட்டது! நாவலில் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் துப்பாக்கிச் சத்தம் இல்லை, இந்தப் பேரேடுதான்.

*

இதுவரை சொன்னது பாதி நாவல். மறுபாதியில் ஒரு குதிரை வண்டி வருகிறது.

அந்த வண்டியில் பெசியன் என்கிற டிரானா எழுத்தாளர். மலைக்காரர்களின் வீரம், வாக்கு, விருந்தோம்பல் என்று உருகி உருகி எழுதிப் பேர் வாங்கியவர். புது மனைவி டயானாவைத் தேனிலவுக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று யோசித்து, மரணம் நடமாடும் இந்த மலைக்கே வருகிறார். வழியெல்லாம் கைடு மாதிரி விளக்கம். "இதோ பார், கையில் கறுப்புப் பட்டை கட்டியவன், சாகப்போகிறான், எவ்வளவு கம்பீரம்!" என்கிற தோரணை. சத்திரத்து வாசலில் ஜியோர்க்கை டயானா பார்க்கிறாள். சில நொடிப் பார்வை. அதோடு அவள் புருஷன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறாள்.

பின்னால் ஒரு கிராமத்தில், பழிக்குப் பயந்து ஆண்கள் ஒளிந்திருக்கும் கோபுரத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்துவிடுகிறாள். பெண்கள் போகவே கூடாத இடம். வெளுத்துப்போய் வெளியே வருகிறாள். உள்ளே என்ன நடந்தது? காதரே சொல்லவில்லை. பெசியனும் கேட்கவில்லை. நாமும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இந்த ஒரு மௌனத்துக்காகவே காதரேக்கு ஆயிரம் பொற்காசு கொடுக்கலாம்.

நாவலில் ஒரு டாக்டர் வருகிறார். பஞ்சாயத்துக்காரரோடு ஊர் ஊராகப் போய்க் காயங்களை எண்ணிச் சொல்வது அவர் வேலை. படித்த மனுஷனுக்கு இப்படி ஒரு பிழைப்பு! அவர்தான் பெசியனை நிற்கவைத்துக் கேட்கிறார். இந்த ஜனங்களுக்கு ஏதாவது செய்வதை விட்டுவிட்டு, இவர்கள் சாவில் அழகைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களே, உங்கள் எழுத்தில் கொலை நாற்றம் அடிக்கவில்லையா என்று. பெசியனிடம் பதில் இல்லை.

முதல் தடவை படித்தபோது 'சபாஷ் டாக்டர்' என்று கைதட்டினேன். டாக்டர் பேசியது என்னிடமும்தான் என்று புரிய, ஒரு விமான டிக்கெட் செலவானது.

*

முதலில் தெற்கே ஜிரோகாஸ்தர் போனேன். காதரே 1936-ல் பிறந்த ஊர். கூரைகூடக் கல் பலகை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 'கல்லில் ஒரு சரித்திரம்' என்கிற மாதிரி தலைப்பு வைத்து, யுத்தகாலச் சிறுவனின் கண் வழியாக இந்த ஊரைப் பற்றி ஓர் அருமையான நாவல் எழுதியிருக்கிறார். இங்கே தெருவில் வழுக்கினால் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழலாம் என்பார் அதில். மிகை என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தபின், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

காதரே வீடு இப்போது மியூசியம். வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் இன்னொரு மியூசியம். அது 1908-ல் என்வர் ஹோஜா பிறந்த வீடு இருந்த இடம். நாட்டை அடைத்துப் பூட்டியவரும், பூட்டுக்குள்ளிருந்து உலகத்துக்குக் கதை சொன்னவரும் ஒரே பேட்டை!

காதரே தூய எதிர்ப்பாளர் அல்ல. ஹோஜாவை உயர்த்திக் காட்டும் நாவல் எழுதியிருக்கிறார். ஆட்சியின் மக்கள் சபையில் உறுப்பினராக இருந்திருக்கிறார். அதே ஆள் 1975-ல் ஒரு கவிதைக்காகக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். ஜனங்களின் கனவுகளைக்கூட அரசாங்கம் பேரேட்டில் பதிகிற 'பேலஸ் ஆஃப் ட்ரீம்ஸ்' 1981-ல் வந்து உடனே தடைக்குள்ளானது. 1990-ல் பிரான்ஸில் அடைக்கலம் கேட்டார். 2005-ல் முதல் சர்வதேச மேன் புக்கர் பரிசு. 2024 ஜூலையில் டிரானாவில் இறந்தார். 'இவர் தியாகியா, சந்தர்ப்பவாதியா?' என்று இன்றும் சண்டை நடக்கிறது.

எனக்கு இந்தச் சண்டையில் அக்கறை குறைவு. என் கேள்வி வேறு. தலைநகரத்தில் வசதியாக வாழும் எழுத்தாளன், ஆட்சியின் செல்லப்பிள்ளை, மலைக்காரன் சாவைப் பற்றி அழகாக எழுதிப் பேர் வாங்குகிறான். யார் இது? பெசியனா? காதரேயும் மலைக்காரர் இல்லை. தெற்கத்தி நகரத்துப் பையன். 'ப்ரோக்கன் ஏப்ரல்' எழுதிய எழுபதுகளின் கடைசியில் கானூன் தடைசெய்யப்பட்டிருந்தது. ரத்தப் பேரேட்டுக்குப் பதில் வேறொரு பேரேடு வந்திருந்தது. சிகுரிமி என்ற ரகசிய போலீஸ் வைத்திருந்த பேரேடு. டிரானாவில் அவர்கள் ஒட்டுக்கேட்ட கட்டடம் 2017 முதல் மியூசியம். அதைப் பற்றி நேராக எழுத முடியாது. பழைய பேரேட்டைப் பற்றி எழுதலாம். அதனால்தான் அந்தக் கணக்குப்பிள்ளை அவ்வளவு உயிரோடு இருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். டாக்டரின் சாட்டையைக் காதரே முதலில் தன் முதுகில்தான் வீசிக்கொண்டார் என்பதும்.

*

அப்புறம் வடக்கே. டிரானாவிலிருந்து ஷ்கோடர். அங்கிருந்து 'ஃபுர்கோன்' என்கிற ஷேர் வேனில், ஆள் நிரம்பியதும் கிளம்பி, மலை ஏறி இறங்கி, தெத் என்ற கிராமம். (டிரைவரிடம் "தெத் போகுமா?" என்று கேட்டேன். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். அந்த ஊர்ப் பழக்கத்தில் அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தம். தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஏறி உட்கார்ந்துவிட்டேன்.)

தெத்தில் அந்தக் கோபுரம் இருக்கிறது. நாவலில் வருவது போன்ற, பழிக்குத் தப்பி ஆண்கள் அடைந்து கிடந்த கல் குல்லா. ஜன்னல் என்ற பேரில் கையகலப் பொந்துகள். நுழைவுக் கட்டணம் உண்டு. கொடுத்தேன். பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டபோது சுருக்கென்றது. ஒரோஷ் கணக்குப்பிள்ளையின் வரவு இன்னும் நின்றுபோகவில்லை. கட்டுகிறவர்கள் மாறியிருக்கிறோம், அவ்வளவுதான். மர ஏணியில் ஏறி, பொந்து வழியாகப் பச்சைப் பள்ளத்தாக்கைப் பார்த்து, எல்லோரையும் போல நானும் போட்டோ எடுத்தேன்.

ராத்திரி தங்கியது ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் விடுதி. வீட்டுக்கார அம்மாள் வாய்விட்டுச் சிரிக்கிறவர். ரொட்டி, சீஸ், நம்ம மோரேதான் என்று சத்தியம் செய்யக்கூடிய 'தாள்'. இருபது வயது மகன் இங்கிலீஷ் பேசுவான். குளிர்காலத்தில் இத்தாலியில் வேலை, கோடையில் இங்கே அம்மாவுக்கு ஒத்தாசை. சாப்பிட்டு முடித்ததும், வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்: "உங்க குடும்பத்துல இந்த ரத்தப் பகை ஏதாவது...?"

அவன் அம்மாவிடம் மொழிபெயர்க்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்:

"சார், இங்க வர்றவங்க எல்லாரும் மூணே கேள்விதான் கேப்பாங்க. வைஃபை பாஸ்வேர்டு என்ன? அருவிக்கு எப்படிப் போறது? உங்க வீட்ல எத்தனை பேர் செத்தாங்க?"

பையில் நாவல் இருந்தது. இரண்டு தடவை படித்து, பெசியனைப் பார்த்து ஏளனமாகச் சிரித்து, பென்சிலால் கோடெல்லாம் போட்ட பிரதி. அதைத் தூக்கிக்கொண்டு ஐயாயிரம் மைல் வந்து, கறுப்பு வண்டியிலிருந்து இறங்கி நிற்கிறேன்.

அன்றைக்குத்தான் நாவலின் குறை புரிந்தது. காதரேயின் மலையில் யாரும் சிரிப்பதில்லை. யாரும் பால் கறப்பதில்லை. வைக்கோல் விலை பேசுவதில்லை. பனிமூட்டம், பாறை, சாவு. மலைப் பெண்கள் நிழல்கள். டயானாவேகூட ஒரு பார்வையும் ஒரு மௌனமும்தான்; அவள் என்ன நினைக்கிறாள் என்பதைச் சொல்ல அவளுக்கு வாயே கொடுக்கவில்லை. பெசியனைக் கண்டிக்கிற நாவல், அவன் பார்த்த மலையைத்தான் நமக்கும் காட்டுகிறது. படித்தவன் எல்லாம் பெசியனாகி வேன் ஏறுகிறான். பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. பெரிய நாவல்களால்தான் இந்த ஆபத்து; மட்டமான நாவலைப் படித்துவிட்டு யாரும் ஐயாயிரம் மைல் போவதில்லை.

ஊர் திரும்பியபின் ஒரு படம் பார்த்தேன். 'தி ஃபர்கிவ்னெஸ் ஆஃப் ப்ளட்'. ஜோஷுவா மார்ஸ்டன் என்ற அமெரிக்கர் எடுத்தது. 2011 பெர்லின் விழாவில் திரைக்கதைக்கு வெள்ளிக் கரடி. கம்யூனிச ஆட்சி விழுந்தபின் வடக்கே பழைய பகைகள் திரும்ப முளைத்தன. அந்தக் காலத்துக் கதை. அப்பா ஒரு கொலையில் சம்பந்தப்பட்டுத் தலைமறைவு. பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டைவிட்டு வெளியே வந்தால் சுடுவார்கள். நாளெல்லாம் வீடியோ கேம், செல்போன், சுவர். தங்கை படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் குதிரை வண்டியில் ரொட்டி விநியோகம் பண்ணிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள். இங்கேயும் ஒரு குதிரை வண்டி, கவனித்தீர்களா? ஆனால் இதை ஓட்டுகிறவள் மலைக்காரி. கவலை ரொட்டி விற்குமா என்பது. வெளிநாட்டுக்காரர் எடுத்த இந்தப் படத்தில் கம்பீரம் என்று ஒன்றும் இல்லை. அலுப்பு, கடன், வீணாகும் வயது. டாக்டர் கேட்டதற்கு, என் கணக்கில், இதுதான் ஒழுங்கான பதில். காதரேயின் உயரம் இதற்கு இல்லை. ஆனால் காதரேயைப் படித்தவர்கள் இதையும் பார்த்தே ஆக வேண்டும்.

*

தெத்தில் கடைசிக் காலை என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவில்லையே.

ஏழு மணிக்கு வேன். அந்த அம்மாள் துணியில் கட்டிய ரொட்டியோடு கூடவே நடந்து வந்தார். வாசலோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வேலி, ஓடை, சர்ச் எல்லாம் தாண்டி, ரோடு மேலே ஏறும் திருப்பம்வரை வந்தார். பாஷை தெரியாததால் இருவரும் தலையாட்டிக்கொண்டே நடந்தோம். வேன் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றார்.

விருந்தாளியை எல்லைவரை கொண்டுவிட வேண்டும் என்ற பழைய சட்டமா? இல்லை, எல்லா ஊரிலும் அம்மாக்கள் பஸ் ஸ்டாண்டுவரை வருவார்களே, அதுவா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான், மொழிபெயர்த்திருப்பான்.

கேட்கவில்லை.

நீங்கள் போவதானால் காதரேயைப் படித்துவிட்டே போங்கள். அங்கே போனதும் புத்தகத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, வைக்கோல் என்ன விலை என்று விசாரியுங்கள்.